யாரோடு பூசைக்குப் போனாய்?



பள்ளிப் படிப்பு முடித்த நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் புறப்படும் காலம் இது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியும், பட்டாசு ஆபீசில் சரவெடி பின்னியும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் பெற்றோர் அவர்களை அனுப்புகிறார்கள். பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் பிள்ளை இதுவே. இதற்காகச் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆயினும் பெற்றோர் மனத்தில் ஒரு பயமும் உண்டு. வெளியூர் போன பிள்ளை பூசையை விட்டுவிடுமோ, பாவசங்கீர்த்தனத்தை மறந்துவிடுமோ என்று கலங்குகிறார்கள். பயம் நியாயமானதே. வீட்டில் செபமாலைக்குத் தாய் அழைத்தாள். ஞாயிறன்று கோயில் மணி எழுப்பிற்று. விடுதியிலோ அழைப்பாரும் இல்லை, எழுப்புவாரும் இல்லை. விசுவாசத்தை வேண்டாமென்று உதறிவிடும் பிள்ளைகள் சிலரே. தனித்திருந்து, ஒவ்வொரு ஞாயிறாக நழுவவிடும் பிள்ளைகளே அதிகம்.

அப்படியானால் கல்லூரிக் காலத்தில் விசுவாசத்தைக் காத்து வளர்ப்பது எது? தேவ வரப்பிரசாதத்துக்கு அடுத்தபடியாக, நல்ல துணையே. சேசுநாதர் தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார். இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடுமிடத்தில் தாமும் இருப்பதாக வாக்களித்தார். நம் ஊராருக்கும் இது தெரியாத பாடமல்ல. 1922-ல் தீப்பெட்டித் தொழில் கற்கச் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இருவராகவே போனார்கள். தொழில் கற்கவே துணை வேண்டியிருக்க, விசுவாசத்தில் நிலைக்கத் துணை வேண்டாமா?

திருச்சபைச் சரித்திரமும் இதையே காட்டுகிறது. பாரீஸ் பட்டணத்தில், வெடிமருந்து வேலை செய்வோருக்குப் பாதுகாவலியான அர்ச். பார்பரம்மாள் பெயரால் ஒரு கல்லூரி இருந்தது. 1529-ல் அதன் அறையொன்றில் மூன்று மாணவர் ஒன்றாய்த் தங்கினார்கள். ஒருவர் அர்ச். இஞ்ஞாசியார், ஒருவர் பீட்டர் பேபர், மற்றவர் பிரான்சிஸ்கு சவேரியார். உலகப் பெருமையை நாடிய சவேரியாரின் மனம் திரும்பியது பிரசங்கம் ஒன்றைக் கேட்டு அல்ல. ஆண்டுக்கணக்காக உடனிருந்த தோழரின் சினேகத்தால். 1534 ஆகஸ்ட் 15-ல், தேவமாதாவின் திருநாளன்று, எழுவராகக் கூடித் தங்களை ஆண்டவருக்கு வார்த்தைப்பாடாகக் கொடுத்தார்கள். 1542-ல் அதே சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் நம்மவர்க்குக் கொண்டுவந்த விசுவாசம் ஒரு மாணவர் அறையில் கனன்ற நெருப்பு என்பதை மறக்கலாகாது.

இன்னொரு சம்பவம். 1833-ல் அதே பாரீசில் ஓசானாம் என்ற சட்ட மாணவரையும் அவர் தோழரையும் பார்த்து, "உங்கள் சபை முன்னே நன்மை செய்தது, இப்போது என்ன செய்கிறது?" என்று அவிசுவாசிகள் கேட்டார்கள். வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று கண்ட மாணவர், ஏழைகளின் வீடு தேடிப் போகத் தொடங்கினார்கள். ஏப்ரல் 23-ல் கூடிய முதற்கூட்டத்தின்போது ஓசானாமுக்கு வயது இருபது. பல பங்குகளில் விதவையின் வீட்டுக்கு அரிசி கொண்டுபோகும் வின்சென்ட் தே பவுல் சபை அப்படிப் பிறந்ததுதான். 1997-ல் ஓசானாம் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

நம் தேசத்திலும் 1924-ல் ஐக்கஃப் என்னும் கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் இயக்கம் தோன்றிற்று. அதை நெடுங்காலம் வழிநடத்திய சேசுசபைக் குரு பியேர் செய்ராக், 1937-ல் பிரான்சிலிருந்து வந்து தமிழ் கற்றவர். மாணவருக்கு ஞான காரியங்களோடு, ஏழைகள் நடுவில் உழைக்கவும் கற்பித்தார். பின்னர் நமக்கு அருகிலுள்ள மானாமதுரை வறண்ட பூமியில் கிணறுகள் வெட்டவும் பயிர் செய்யவும் குடியானவருக்குத் துணைநின்றார். 2012-ல் இத்தமிழ்நாட்டிலேயே இறந்தார்.

"எங்கள் பிள்ளை படிப்பது கத்தோலிக்கக் கல்லூரி அல்லவே" என்பீர்கள். விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியும் (1947), சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் (1963) நம் சபையார் நடத்துபவை அல்ல. அதனால் குறைவில்லை. ஓசானாம் படித்த இடத்தில் ஆசிரியரே விசுவாசத்தைத் தாக்கிப் பேசினார்கள். இரண்டு மூன்று நல்ல தோழர் போதும். பிற சமயச் சினேகிதரை ஒதுக்கும் கூட்டமாக மட்டும் அது இருக்கலாகாது. அவர்களோடும் அன்பாய்ப் பழகக் கற்பிப்பதே நல்ல கூட்டம்.

இனி நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, பெற்றோருக்கு. போனில் "சாப்பிட்டாயா? மார்க் எத்தனை?" என்று கேட்கிறீர்கள். "பூசைக்குப் போனாயா?" என்று கேட்டால், "போனேன்" என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடும். "யாரோடு போனாய்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லப் பிள்ளைக்கு ஒருவர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் கோபிக்க வேண்டாம், தேடிக்கொள்ள உதவுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு. சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள கோயிலைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்குள்ள சுவாமியாரிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உடன் செபிக்க ஒருவரையாவது தேடுங்கள். மற்றொன்று: தகப்பன் பட்டாசு வேலை செய்கிறார் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். மருந்துப்பொடி படிந்த அந்தக் கைகளே உங்களைப் படிக்க வைத்தவை. அவற்றை மறக்கச் செய்யும் கூட்டம், செபக் கூட்டமாயினும், உங்களுக்கு ஆகாது.

மூன்றாவது, பங்கு முழுவதுக்கும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய துயரம் விழுந்த வீட்டில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் தவிப்பார்கள். பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகும். விடுமுறைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் இருவராக இவ்வீடுகளுக்குப் போய், விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும், சிறுவருக்குப் பாடம் சொல்லட்டும். பெரியவர்கள் அவர்களை அழைத்துப் போய் அறிமுகம் செய்து வையுங்கள். விடுதியில் தோழரோடு காத்த விசுவாசம் இங்கே கனி தரும்.

இன்றிரவு செபமாலைக்குப்பின் வீட்டில் இதைப் பேசுங்கள்: வெளியூரில் படிக்கும் நம் பிள்ளைக்கு, விசுவாசத்தில் துணை யார்? நம் ஊருக்குப் படிக்க வந்திருக்கும் அந்நியப் பிள்ளை எவருக்காவது நாம் துணையாய் இருக்கிறோமா? தேவமாதா நம் பிள்ளைகளைத் தம் திருநிழலில் காப்பாற்றுவார்களாக.