மூன்றாம் மாத டெஸ்ட்டை போன் ஞாபகப்படுத்தட்டும்!

கேஸ் புக்கிங், கரண்ட் பில், குழந்தைக்குத் தடுப்பூசி என்று எல்லாவற்றுக்கும் போனில் மெசேஜ் வந்துவிடுகிறது. பால்வினை நோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்தவர்கள் மறுபடி எடுக்க வேண்டிய டெஸ்ட்டைத்தான் 'அதான் சரியாப் போச்சே' என்று விட்டுவிடுகிறோம். கதவைச் சாத்திக்கொண்டு படித்தாலும் பரவாயில்லை, படித்துவிடுங்கள்.

1. கொனோரியா (நம் ஊரில் வெட்டை என்பார்கள்), கிளமிடியா இரண்டுக்கும் மருந்து சாப்பிட்ட மூன்றாவது மாதம் மறு டெஸ்ட் எடுக்க வேண்டும். பொங்கலுக்கு மருந்து சாப்பிட்டிருந்தால் சித்திரை வருடப்பிறப்புக்கு டெஸ்ட். இப்படிப் பண்டிகையோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மனசிலும் நிற்கும்.

2. சிபிலிஸ் என்கிற மேகநோய்க்குக் கணக்கு வேறு. பொங்கலுக்கு ஊசி போட்டால் ஆடி பிறக்கும்போது ஒன்று, அடுத்த பொங்கலுக்கு ஒன்று என்று 6, 12 மாதங்களில் ரத்த டெஸ்ட். நோய் நாள்பட்டதாக இருந்தால் 24-ஆவது மாதமும் உண்டு. மூன்று தேதியையும் முதல் நாளே போனில் ஏற்றிவிடுங்கள், அப்புறம் அந்த நினைப்பே வேண்டாம்.

3. குணமான பிறகு எதற்கு டெஸ்ட் என்கிறீர்களா? கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் மருந்து சாப்பிடுவது, ஒரு கட்டிலுக்கு மட்டும் மூட்டைப்பூச்சி மருந்து அடிப்பது போலத்தான். பக்கத்துக் கட்டிலிலிருந்து திரும்பி வந்துவிடும். இரண்டு பேரும் சாப்பிட வேண்டும், ஒரே வேளை மருந்தாக இருந்தால் அதன் பிறகு 7 நாள் விலகி இருக்க வேண்டும். நினைவூட்டலையும் இரண்டு போனிலும் போடுங்கள்.

4. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்பதை நம்பி நாள் தள்ளாதீர்கள். கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. லேசாக எரிச்சல் வந்தாலும் 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருப்போம். இளநீர் நல்லதுதான், டெஸ்ட்டுக்குப் பதில் ஆகாது!

5. ஒரு மெசேஜில் என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்தவள்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னி பால்வினை நோய் மையத்தில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு நினைவூட்டு மெசேஜ் அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்பது மாதத்துக்குள் மறுபடி டெஸ்ட்டுக்கு வந்தவர்கள், மெசேஜ் கிடைத்தவர்களில் 64 சதவீதம், கிடைக்காதவர்களில் 30 சதவீதம் என்று 2011-இல் எழுதினார்கள். காசு செலவில்லாத வேலைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

6. நீங்கள் போகும் இடத்தில் இப்படி மெசேஜ் அனுப்புகிறார்களா என்று மருந்து வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் நமக்கு நாமே அனுப்பிக்கொள்வோம். கூகுள் மெசேஜஸில் உங்கள் எண்ணுக்கே செய்தி எழுதி, அனுப்பும் அம்புக்குறியை விரல் எடுக்காமல் அழுத்தினால் எந்தத் தேதி, எத்தனை மணி என்று கேட்கும்.

7. பட்டன் போன்காரர்கள் கவலைப்பட வேண்டாம். காலண்டரில் அந்தத் தேதிக்கு அலாரம் வைத்தால் போதும். அதுவும் இல்லையா, தினசரிக் காலண்டரில் அந்தத் தாளின் மூலையை மடித்து வையுங்கள்.

8. மெசேஜில் நோயின் பெயர் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருமுறை கொலஸ்ட்ரால் டெஸ்ட் மெசேஜை என் பேரன் உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் சத்தமாகப் படித்துவிட்டான். அதற்கே ஊர் முழுக்க எனக்கு வைத்தியம் சொன்னது. 'குக்கர் கேஸ்கெட் மாற்றணும்', 'வண்டி சர்வீஸ்' என்று உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதுங்கள். ஆனால் நிஜமாகவே குக்கர் பழுதாகிற வீடென்றால் வேறு வார்த்தை பாருங்கள்!

9. தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 70 குறிகள்தான் அடங்கும், ஆங்கில எழுத்தென்றால் 160. 'கு' என்ற ஒரு எழுத்தே இரண்டாகக் கணக்காகும். அதனால் நாள், நேரம், ரகசிய வார்த்தை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. ஒரே போனை வீடே எடுத்துப் பார்க்குமானால், செட்டிங்கில் போய் பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி செய்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

11. மூன்று மாதத்துக்குள் நம்மில் எத்தனை பேர் ரீசார்ஜ் செய்யாமல் சிம்மைச் சாக விடுகிறோம்! மையத்தில் எண் கொடுக்கும்போது, கட்டாயம் உயிரோடு இருக்கும் எண்ணைக் கொடுங்கள். மாற்றினால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

12. நினைவூட்டலை ஞாயிற்றுக்கிழமையில் போடாதீர்கள். பார்த்துவிட்டு 'நாளைக்கு' என்போம், திங்கள் அன்று மறந்திருப்போம். இரண்டு நாள் முன்னால் ஒன்று, போகிற அன்று காலை ஆறு மணிக்கு ஒன்று போதும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

13. ஓ.பி. சீட்டு, ரிப்போர்ட், மருந்துப் பொட்டலம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். அரசு மையங்களில் தரும் பொட்டலத்துக்கு நிறமும் எண்ணும் உண்டு. கிட் 1 சாம்பல் நிறம், கிட் 2 பச்சை. 'ஏதோ ரெண்டு மாத்திரை குடுத்தாங்க' என்று சொல்வதைவிட அந்தப் போட்டோவைக் காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். குடும்ப ஆல்பத்தோடு போட்டோக்கள் தானாகச் சேருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

14. மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல். ரத்த டெஸ்ட்டை ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். முன்பு 1:32 என்றிருந்தது 1:8 என்று இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். டி.பி.எச்.ஏ. என்ற டெஸ்ட் குணமான பிறகும் பலருக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்துப் பதறி இன்னொரு லேபுக்குப் பணம் கட்டாதீர்கள்.

15. கிளமிடியாவுக்கு யூரின் கொடுப்பதானால் ஒரு மணி நேரம் முன்பிருந்தே பாத்ரூம் போகாமல் இருங்கள், முதலில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும். காலை மெசேஜிலேயே 'ஒரு மணி நேரம் பொறு' என்று சேர்த்துவிட்டால் திரும்ப அலைய வேண்டாம். இந்த டெஸ்ட் எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

16. எச்.ஐ.வி. பயம் என்றால் அடுத்த வாரமே டெஸ்ட் எடுத்து 'இல்லை' என்று வந்ததும் இனிப்பு வாங்கிவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்ட்டில்தான் முழு நிம்மதி. அரசு நம்பிக்கை மையங்களில் இலவசம். சந்தேகம் நேற்று முந்தாநாள் நடந்ததில் என்றால் மெசேஜ், அலாரம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓடுங்கள், தடுப்பு மருந்து இருக்கிறது.

17. கர்ப்பிணிகளுக்கு மேலே சொன்ன மாதக் கணக்கு மட்டும் போதாது. டாக்டர் சொன்ன தேதியை அப்படியே ஏற்றுங்கள். மேகநோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெனிசிலின் ஊசியிலேயே குழந்தையைக் காப்பாற்றலாம்.

18. வீட்டில் வேறு யார் போனிலாவது இப்படியொரு மெசேஜ் கண்ணில் பட்டால் பார்க்காத மாதிரி வைத்துவிடுங்கள். ஒருத்தர் ஒழுங்காக டெஸ்ட்டுக்குப் போகிறார் என்றால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். விசாரணை வைத்தால் அடுத்த முறை மெசேஜும் இருக்காது, டெஸ்ட்டும் இருக்காது.

19. தேதி தவறிப் போய்விட்டதா? நான்காம் மாதமோ ஆறாம் மாதமோ, யாரும் திட்ட மாட்டார்கள், நாளைக்கே போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்கு அடியுங்கள். இலவச எண், பெயர் சொல்ல வேண்டியதில்லை.