மஞ்சளும் குங்குமமும் நிறம் மாறாமல்

பத்மாவதி தாயாரின் கார்த்திகை பிரம்மோற்சவம் நிறைவுறும் பஞ்சமி தீர்த்தத்தன்று, மஞ்சள், குங்குமம், பட்டுப்புடவை எல்லாம் சீர்வரிசையாகத் திருமலையிலிருந்து யானைமேல் திருச்சானூருக்கு வரும். டிஜிட்டல் அச்சில் முதலில் கெடுவதும் அந்த மஞ்சளும் குங்குமமும்தான். பத்மாவதி தாயார் படத்தையோ, படம் போட்ட கல்யாணப் பத்திரிகையையோ அச்சுக்குக் கொடுப்பவர்கள் கடையில் எதைக் கேட்க வேண்டும்? பல அச்சு இயந்திரங்களோடு வரும் ஃபியரி மென்பொருளில் உள்ள செட்டிங் பெயர்களையே இங்கே சொல்கிறேன்.

எதற்கும் முன் கேலிப்ரேஷன், அதாவது இயந்திரம் அடிக்கும் நிற அளவை அளந்து சரிசெய்வது. பிரம்மோற்சவம் வருவதே வடகிழக்குப் பருவமழை நேரத்தில். காற்றில் ஈரம் ஏறினால் தாளில் ஒட்டும் டோனரின் அளவு மாறும். காலையில் ஒருமுறை, தாள் மாற்றினால் இன்னொருமுறை இதைச் செய்யாத கடையில் மற்ற எதுவும் பலிக்காது.

புகைப்படத்தை ஆர்ஜிபியாகவே கொடுங்கள். ஃபோட்டோஷாப்பிலேயே சிஎம்ஒய்கேக்கு மாற்றுவது ஆஃப்செட் காலத்துப் பழக்கம். அப்படிச் சுருங்கிய சிவப்பை, இன்னும் பளிச்சென்று அடிக்க வல்ல டோனராலும் மீட்க முடியாது. எழுத்து, பார்டர் போன்ற தட்டை நிறங்களுக்குத்தான் சிஎம்ஒய்கே: குங்குமத்துக்கு மெஜந்தா 100, யெல்லோ 100; மஞ்சளுக்கு யெல்லோ 100, மெஜந்தா 20 அளவில். இவற்றில் சயான் கலந்தால் நிறம் மங்கிவிடும். ஆஃப்செட்டில் அடித்த காலண்டரோடு பத்திரிகை ஒத்துப்போக வேண்டுமென்றால் சிஎம்ஒய்கே சோர்ஸ் செட்டிங்கில் ஆஃப்செட் ப்ரொஃபைலான ஃபோக்ரா39 வையுங்கள். இல்லையென்றால் பைபாஸ் கன்வர்ஷன். அதில் நீங்கள் கொடுத்த கலவைக்குள் வேறு டோனர் நுழையாது.

இயந்திரத்தால் அடிக்க முடியாத நிறங்களை எப்படி மாற்றுவது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட்தான் பலரும் தொடாமல் விடும் இடம். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தாயாரின் சிவப்புப் பட்டின் மடிப்புகள் எல்லாம் இயந்திரத்தின் எல்லையைத் தாண்டிய சிவப்புகள். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் அவற்றையெல்லாம் எல்லைக்கோட்டிலேயே கொண்டுவந்து நிறுத்தும். மடிப்பு மறைந்து புடவை ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். ஃபோட்டோகிராஃபிக் எல்லா நிறத்தையும் சேர்த்து மெல்ல உள்ளிழுக்கும். பளபளப்பு ஒரு மாற்றுக் குறைந்தாலும் மடிப்பும் சரிகையும் நிற்கும். நான் எப்போதும் இதைத்தான் கேட்பேன். பிரசென்டேஷன் வரைபடத்துக்குச் சரி, முகத்துக்கு ஆகாது. அப்சல்யூட் ப்ரூஃப் பார்க்க மட்டும்.

சிறிய தமிழ், தெலுங்கு எழுத்துகளுக்குப் 'ப்யூர் பிளாக்' போதும். நான்கு டோனரும் சேர்ந்த கறுப்பு இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் பிதுங்கும்.

திருவாபரணத்தின் பொன்னிறத்துக்கு எந்த செட்டிங்கும் இல்லை. நான்கு நிறத்தில் அது கடுகு மஞ்சள்தான். பத்திரிகைத் தலைப்பு மின்ன வேண்டுமானால் தங்க ஃபாயிலுக்குத் தனியாகச் செலவழியுங்கள்.

மொத்தமாக அடிக்கும் முன், அதே ஆர்ட் கார்டில் ஃபோட்டோகிராஃபிக்கில் ஒன்று, ரிலேட்டிவில் ஒன்று வாங்கிக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள். டியூப்லைட்டை நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் முதலில் புடவை மடிப்பைப் பாருங்கள், பிறகு நெற்றிக் குங்குமத்தை.