முதல் விமானம் கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ரிமோட் விமானம் ஒன்றை நீயே கட்டி ராஜபாளையத்தில் பறக்கவிடப் போகிறாய் என்று கேள்விப்பட்டதில் மிகுந்த மகிழ்ச்சி. போர் விமானம் மாதிரி செய்ய ஆசையாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் விமானம் உனக்குப் பறக்கச் சொல்லித்தர வேண்டும். விழுந்தால் அன்று மாலையே உன் கையால் ஒட்டி எடுக்க முடிய வேண்டும்.

அதனால் ஃபோம் ஷீட்டில் செய். இறக்கை உடலுக்கு மேலே உட்காரட்டும். அதன் இரு முனைகளும் சற்று உயர்ந்திருந்தால், சாய்ந்த விமானம் தானாக நிமிரப் பார்க்கும். ஒரு மீட்டர் இறக்கை, 2212 மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் ஈஎஸ்சி, மூன்று செல் லிப்போ பேட்டரி, 9 கிராம் சர்வோக்கள் போதும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடு. லிப்போவுக்குச் சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இரு. உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தாதே.

எல்லாவற்றிலும் முக்கியமானது எடைச் சமநிலை. பேட்டரியை வைத்த பிறகு, இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்கில் ஒரு கோடு போடு. அகலம் 20 செ.மீ. என்றால் 5 செ.மீ. இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலைக் கோட்டில் கொடுத்துத் தூக்கு. மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளு. வால் கனத்த விமானம் கையை விட்டதும் மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், ஒரு பக்கமாகச் சுருண்டு விழும். கைதேர்ந்தவர்களே அதைக் காப்பாற்றத் திணறுவார்கள்.

பிறகு மோட்டாரை ஓட்டாமல், புல்தரையில், எதிர்காற்றில் மட்டமாக விட்டுப் பார். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பரில் என்ஜினோடு பறப்பதற்கு முன், 1902-ல் கிளைடரில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பழகினார்கள்.

நம் ஊருக்கு மேற்கே மலை. ஆனி, ஆடியில் காற்று அதைத் தாண்டிப் புரண்டு இறங்கும். அந்த மாதங்கள் உனக்கு வேண்டாம். பங்குனி, சித்திரையில் வற்றிக் கிடக்கும் கண்மாயில், காற்று எழும்பாத விடிகாலையில் பற. மின்கம்பி, ரோடு, ஆடு மேய்ப்பவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போனால் ஆண்டாள் கோயில் கோபுரத்தையும் ஊரையும் விட்டுத் தள்ளிப் போ. மலையடிவாரக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே ஏற்றவே கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உன் இடம் தடையில்லாத பச்சை மண்டலமா என்றும் பார்த்துக்கொள்.

விமானம் உன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். பதறாதே, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளி முட்டுக்கொடு. இதைக் கணினி சிமுலேட்டரில் கை பழகும்வரை செய். வேகம் குறைந்து தடுமாறினால் குச்சியை இழுக்கத்தான் கை போகும். இழுக்காதே, மூக்கைத் தாழ்த்து. இதற்கு உயரம் வேண்டும் என்பதால் தாழப் பறக்காதே. விழுவது உறுதியானால் உடனே மோட்டாரை நிறுத்து.

விழுந்தால் வெட்கப்படாதே. ஏன் விழுந்தது என்று அன்றே நோட்டில் எழுது. காரணம் தெரியாமல் ஒட்டிய விமானத்தை மறுபடி ஏற்றாதே.

அன்புடன்,
உன் அண்ணன்