குளிரில் உறையாத உயிர்கள்

மார்கழி பிறந்தால் ஜாதவ்பூரில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடுகிறது. பக்கத்திலிருக்கும் கடுகெண்ணெய் மட்டும் எப்போதும்போல் ஊற்ற வருகிறது. ஏன்?

தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலச் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கி வைத்த தண்டவாளங்களைப் போல நெருங்கிப் படிந்து, சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கடுகெண்ணெயின் சங்கிலிகளிலோ இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் ஒரு வளைவு உண்டு. வளைந்த தண்டவாளங்களை இடைவெளியின்றி அடுக்க முடியுமா? ஆகவே அது எளிதில் உறைவதில்லை.

பாக்டீரியாவுக்கும் இதே பிரச்சினைதான். அதன் உடல் ஒரே ஒரு செல். அதைச் சுற்றியுள்ள சவ்வில் கொழுப்பு உண்டு. சவ்வு இளகியிருந்தால்தான் உணவு உள்ளே வரும், கழிவு வெளியேறும். குளிர் சவ்வை இறுக்குகிறது. அழுத்தமும் அதையே செய்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 2,500 மீட்டரில் அது சுமார் 250 மடங்கு!

அத்தகைய ஆழத்தில், பிலிப்பைன்ஸை ஒட்டிய சுலு கடலில் கிடைத்தது ஃபோட்டோபாக்டீரியம் புரோஃபுண்டம் என்ற பாக்டீரியா. அதன் சவ்வில் வளைந்த சங்கிலிகள் ஏராளம். ஒற்றை இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்களைப் போதிய அளவு உண்டாக்க முடியாத ஒரு திரிந்த வகையை 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அது குளிரிலும் உயர் அழுத்தத்திலும் வளரத் திணறியது.

குளிர் வந்ததும் பாக்டீரியா தன் மரபணுவை மாற்றிக்கொள்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியல்ல. இருக்கும் மரபணுக்களில் தேவையானதை இயக்குவதும் தேவையற்றதை நிறுத்துவதும்தான் உடனடியாக நடப்பது. மரபணுவிலேயே மாற்றம் தற்செயலாக நேர்கிறது. அது உதவினால் பல தலைமுறைகளில் நிலைபெறுகிறது.

நம் நாட்டு ஆய்வு ஒன்றும் உண்டு. அண்டார்க்டிகாவின் ஷிர்மாகர் பகுதி மண்ணில் கிடைத்த சூடோமோனாஸ் பாக்டீரியாவை ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். அறுந்த டி.என்.ஏ. இழையைச் செப்பனிடும் ஒரு நொதிக்கான மரபணுக்களை நீக்கிப் பார்த்தார்கள். 22 டிகிரியில் அது வளர்ந்தது. 4 டிகிரியிலோ டி.என்.ஏ. துண்டுகள் குவிந்து வளர்ச்சி நின்றது. 2010இல் வெளியான முடிவு இது. கடுங்குளிரில் சவ்வு இளகியிருந்தால் மட்டும் போதாது, பழுது பார்க்கும் பட்டறையும் ஓயாமல் இயங்கவேண்டும் என்பதே இதன் பாடம்.

இதில் நம் சமையலறைக்கும் ஒரு செய்தி உண்டு. நம் ஃபிரிட்ஜின் குளிரும் ஏறக்குறைய அதே 4 டிகிரிதான். நோய் தரும் லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெல்லப் பெருகும். ஃபிரிட்ஜ் கிருமிகளைக் கொல்வதில்லை. பலவற்றின் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. மீந்த குழம்பை நாள்கணக்கில் வைக்காமல், கொதிக்கச் சூடாக்கி உண்பதே நல்லது.