உடையாமல் கழற்றும் கலை

ஜொகூரில் மூவார், குளுவாங், சிகாமட் போன்ற ஊர்களில், வீட்டுத் தாழ்வாரத்தில் பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் பழைய மகிழுந்தை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். அது ஒரு மோரிஸ் மைனராக இருக்கலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இம்மகிழுந்து 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. பத்து இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட முதல் பிரிட்டிஷ் மகிழுந்து என்னும் பெருமையும் இதற்கு உண்டு. மலாயாவின் சாலைகளிலும் இது பரவலாக ஓடியது.

தாத்தா ஓட்டிய வண்டியை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்னும் ஆசை பேரப்பிள்ளைகளுக்கு எழுவது இயல்பு. அந்த ஆசைக்கு முதல் தடையாக நிற்பது பெரும்பாலும் எரிபொருள் அமைப்புதான். பின்புறம் உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை ஒரு பம்பு இழுத்து வருகிறது. அதைக் காற்றுடன் கலந்து இயந்திரத்துக்கு அனுப்புவது கார்புரேட்டர். மோரிஸ் மைனரில் உள்ளது எஸ்.யு. வகைக் கார்புரேட்டர். எஸ்.யு. என்பது ‘ஸ்கின்னர் யூனியன்’ என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் சகோதரர்களின் குடும்பத் தொழில் காலணி வணிகம். அதனாலோ என்னவோ, அவர்களின் தொடக்ககாலக் கார்புரேட்டரில் தோலால் ஆன துருத்தியே இருந்தது!

நீண்ட நாள் ஓடாத வண்டியில் இப்பாகங்கள் ஏன் இறுகிவிடுகின்றன? காரணங்கள் மூன்று. முதலாவது, தேங்கிய பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிவிட, எஞ்சியது கோந்துபோல் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, நம் நாட்டின் ஈரக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைப்பதால் மரைகளுக்கு இடையில் ஆப்பு அடித்ததுபோல் இறுக்குகிறது. மூன்றாவது, அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், மின்கலத்தில் நிகழ்வதுபோன்ற வேதிமாற்றம் நடக்கிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்தூளாகி இடுக்கை அடைக்கிறது. காரணத்தை அறிந்தவருக்கே ஏற்ற மருந்து தெரியும். கோந்தைக் கரைக்க வேண்டும். துருவை ஊற வைக்க வேண்டும். அலுமினியத்தைச் சூடாக்கி விரிவடையச் செய்ய வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் பாதுகாப்பை உறுதிசெய்தல் அவசியம். சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பெட்ரோலின் ஆவி தீப்பற்றக்கூடியது. அது காற்றைவிடக் கனமானது. எனவே, தரையில் தவழ்ந்து தொலைவில் உள்ள நெருப்பையும் எட்டிவிடும். காலித் தொட்டியில் ஆபத்து இல்லை என எண்ணுவது தவறு. அதில் நிறைந்திருக்கும் ஆவி, திரவத்தைவிடக் கொடியது. ஆகவே, காற்றோட்டமான இடத்தில், மின்கலத் தொடர்பைத் துண்டித்த பிறகு, அனுபவம் மிக்க பெரியவர் முன்னிலையில் மட்டுமே இப்பணியைச் செய்ய வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு, இறுகிய மரையில் ஊடுருவும் எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டினால், அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். அடுத்து, நட்டைக் கழற்றும் திசையில் உடனே திருப்பாமல், முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அசைத்துப் பார்க்க வேண்டும். துருவின் பிடி தளர்ந்ததும் கால் சுற்று வெளியே, சிறிது உள்ளே, மீண்டும் எண்ணெய் என முன்னும் பின்னுமாகத் திருப்ப வேண்டும்.

கருவியின் அளவும் முக்கியம். பழைய ஆங்கிலேய வண்டிகளில் நட்டுகள் அங்குல அளவில் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டினால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி உண்டாகும். அந்தச் சிறு இடைவெளியே நட்டின் மூலைகளை மழுங்கடித்துவிடும். பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர்கள் தேவை. ஒன்று பிடித்துக்கொள்ள, மற்றொன்று திருப்ப. ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் மெல்லிய குழாய் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும்.

கார்புரேட்டரின் அலுமினிய உடலில் எஃகுத் திருகாணி இறுகியிருந்தால், வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோல் சிறிதும் இல்லாமல் உலர்த்திய பிறகு வெந்நீரில் அமிழ்த்தலாம். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவடைவதால் பிடி தளரும். நெருப்புச் சுடரைக் கொண்டு சூடாக்குதல் அறவே கூடாது.

எஸ்.யு. கார்புரேட்டரின் உள்ளே உள்ள பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துப் பொருத்தப்பட்ட இணை. அவற்றின் நடுவே உள்ள இடைவெளி மிக நுண்ணியது. பிஸ்டன் ஒட்டிக்கொண்டால், கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டுமே தவிர, உப்புத்தாளால் தேய்க்கக்கூடாது. பித்தளையால் ஆன பெட்ரோல் துளையைக் கம்பியால் குத்தினாலும் துளை பெரிதாகி எரிபொருளின் அளவு கெட்டுவிடும். தெரியாமல் செய்யும் இத்தகைய ‘சுத்தம்’ பாகத்தையே வீணாக்கிவிடும்.

புதிய மகிழுந்தின் பாகம் உடைந்தால் கடையில் வேறொன்று வாங்கலாம். அறுபது ஆண்டு பழைய பாகத்தைத் தேடி அலைவதும் கடினம்; கிடைத்தாலும் அது அந்த வண்டியோடு பிறந்ததாகாது. அவசரத்தில் கொடுக்கும் ஒரே ஒரு முறுக்கு, அரை நூற்றாண்டுக்கும் மேல் தாங்கிய பொருளை ஒரு நொடியில் பயனற்றதாக்கிவிடும். எனவேதான் நல்ல பழுதுபார்ப்பாளர், கைவலுவைக் காட்டும் முன் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியின் பொருள் பட்டறையில் நன்கு விளங்கும்.

கருத்துணர் வினாக்கள்

1. எரிபொருள் அமைப்பின் பாகங்கள் இறுகுவதற்கான மூன்று காரணங்களை எழுதுக.
2. காலித் தொட்டி ஏன் ஆபத்தானது?
3. பெட்ரோல் குழாயைக் கழற்ற இரண்டு ஸ்பேனர்கள் தேவைப்படுவது ஏன்?
4. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி பொருந்தும் வேறொரு சூழலை விளக்கி எழுதுக.