வெளிச்சத்துக்கு எந்தப் பற்றரி?

மின்கம்பி எட்டாத காணியில் குடியேறும் குடும்பம் முதலில் தேடும் பொருட்களில் ஒன்று பற்றரி. பிள்ளைகள் படிக்கவும், இரவில் பாம்பு பூச்சி பார்த்து நடக்கவும், கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் அது வேண்டும். 1990களில் வடபகுதிக்குப் பற்றரி கொண்டுவருவது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். இன்று கடைகளில் பற்றரிக்குக் குறைவில்லை. எந்த வேலைக்கு எந்தப் பற்றரி என்ற விளக்கம்தான் குறைவாக இருக்கிறது.

லொறியிலோ உழவு இயந்திரத்திலோ இருந்து கழற்றிய பற்றரியை மலிவாக வாங்கி, அதில் வீட்டு விளக்குகளை எரிக்கும் குடும்பங்கள் பல. சில மாதங்களில் அது படுத்துவிடுகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடந்தது வேறு: அந்தப் பற்றரி தனக்குரியதல்லாத வேலையில் மாண்டிருக்கிறது. நிவாரணக் காசிலோ நெல் விற்ற காசிலோ வாங்கும் பொருள் என்பதால், வாங்குமுன் சில விடயங்களை அறிந்துகொள்வோம்.

1. சவாரி மாடும் உழவு மாடும்

ஈயத் தகடுகளை அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரத்தைச் சேமிக்கும் முறையை 1859இல் பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தார். நாம் பாவிக்கும் ஈயப் பற்றரிகள் எல்லாம் அதன் வழிவந்தவையே. ஆனால் தகட்டின் அமைப்பைப் பொறுத்து அவை இரண்டு வகைப்படும்.

முதலாவது, எஞ்சினை இயக்கும் பற்றரி. இதில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். சாவியைத் திருப்பியதும் சில வினாடிகளுக்குப் பெருமளவு மின்சாரத்தைக் கொட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இழந்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். அது முழுமையாக வெறுமையாவதே இல்லை.

இரண்டாவது, நெடுநேரம் உழைக்கும் பற்றரி. இதன் தகடுகள் தடித்தவை. சிறிதளவு மின்சாரத்தைப் பல மணி நேரம் விடாமல் தரும். வெளிநாடுகளில் படகுகளிலும், வீடுபோல் அமைத்த வாகனங்களிலும் நாட்கணக்கில் தங்குவோர் இரவு முழுவதும் எஞ்சின் பற்றரியில் விளக்கெரித்தால், காலையில் எஞ்சின் இயங்காது. ஆகவே எஞ்சினுக்கு ஒன்று, குடியிருப்புக்கு ஒன்று என இரண்டு பற்றரிகளை வைத்துக்கொள்வார்கள். இந்த இரண்டாவதையே ‘டீப் சைக்கிள்’ பற்றரி என்பர். ஆழமாக மின்னிறங்கி மீண்டும் மின்னேறுவதைப் பலமுறை தாங்கக்கூடியது என்பது இதன் பொருள். தமிழில் ஆழ்சுற்றுப் பற்றரி எனலாம்.

சவாரி மாடு சில நிமிடம் பறக்கும். அதை நாள் முழுவதும் ஏரில் பூட்ட முடியாது. உழவு மாடு பறக்காது. ஆனால் வயலை உழுது முடிக்கும். வீட்டு விளக்குக்கு வேண்டியது உழவு மாடு. எஞ்சின் பற்றரியை அடிக்கடி முழுதாக இறக்கினால் சில பத்துத் தடவைகளிலேயே அது தளர்ந்துவிடக்கூடும். நல்ல ஆழ்சுற்றுப் பற்றரியைப் பாதியளவு இறக்கி ஏற்றினால் பல நூறு தடவைகள் தாங்கும்.

2. விதைநெல்லில் கைவைக்காதீர்கள்

ஆழ்சுற்றுப் பற்றரியானாலும், ஈயப் பற்றரியில் உள்ளதில் பாதியை மட்டுமே எடுப்பது நல்லது. மற்றப் பாதி விதைநெல். பசிக்கிறதே என்று விதைநெல்லைக் குத்தினால் அடுத்த போகம் இல்லை.

காரணம் இதுதான். மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈயசல்பேற்று படிகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து போகும். இறங்கிய நிலையிலேயே நாட்கணக்கில் விட்டால் அது கட்டியாகி இறுகிவிடும். இறுகிய இடம் மீண்டும் உழைக்காது. ஆகவே, இரவில் எடுத்ததை மறுநாளே திருப்பிக் கொடுப்பதுதான் பற்றரியின் ஆயுள்.

எவ்வளவு மீதியுண்டு என்பதை ஒரு சிறிய மல்ரிமீற்றரால் அறியலாம். விளக்குகளையும் மின்னேற்றத்தையும் நிறுத்தி, சில மணி நேரம் ஓயவிட்டு அளக்க வேண்டும். 12 வோல்ற் ஈயப் பற்றரிக்கு ஏறத்தாழ:

12.7 வோல்ற் – நிறைவு
12.4 வோல்ற் – முக்கால்
12.2 வோல்ற் – அரை. இதற்குக் கீழே போகவிடாதீர்கள்
12.0 வோல்ற் – கால்

3. எவ்வளவு பெரியது வேண்டும்?

பற்றரியின் கொள்ளளவு ‘அம்பியர்-மணி’யில் சொல்லப்படும். தேவையை அறிய, ஒவ்வொரு பொருளின் வாற் அளவை அது இயங்கும் மணித்தியாலத்தால் பெருக்குங்கள். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்:

5 வாற் எல்.ஈ.டி. விளக்கு 3, நாளுக்கு 4 மணி நேரம் – 60
5 வாற் வானொலி, 4 மணி நேரம் – 20
கைத்தொலைபேசி 2, ஒன்றுக்கு 10 வீதம் – 20
மொத்தம் – 100 வாற்-மணி

இதை 12 வோல்ற்றால் வகுத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 அம்பியர்-மணி. மாரியில் வெயில் இல்லாத நாட்களையும் எண்ணி மூன்று நாளுக்குக் கணக்கிட்டால் 25. பாதியை விதைநெல்லாக விட வேண்டும் என்பதால் அதை இரட்டிக்க வேண்டும்: 50 அம்பியர்-மணி. இதை நிரப்ப ஏறத்தாழ 50 வாற் சோலார் தகடு வேண்டும்.

இதே வீட்டில் 20 வாற் மின்விசிறி ஒன்றை இரவில் 8 மணி நேரம் ஓட்டினால் மேலும் 160 வாற்-மணி. ஒரு விசிறியால் தேவை இரண்டரை மடங்காகிறது. ஆகவே பொருளைக் கூட்டும் முன் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். களப்பிலோ குளத்திலோ இரவில் தோணி விடுவோரும் தங்கள் விளக்குக்கு இதே கணக்கைப் போடலாம்.

4. கடையில் பார்க்க வேண்டியவை

அ. அம்பியர்-மணி எழுதப்பட்டுள்ளதா? அது 20 மணி நேரத்தில் இறக்கும் கணக்கா என்று கேளுங்கள். ‘சி.சி.ஏ.’ என்ற எண் மட்டும் பெரிதாக இருந்தால் அது எஞ்சின் பற்றரி. அந்த எண் மறை 18 பாகை செல்சியஸ் குளிரில் எஞ்சினைத் திருப்பும் வலுவைக் குறிப்பது. நம் விளக்குக்கு அதனால் பயனில்லை.

ஆ. ‘மரைன்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அப்பெயரில் வருவனவற்றுள் பல, எஞ்சினுக்கும் விளக்குக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட இடைநடு வகை.

இ. ஒரே அம்பியர்-மணி சொல்லும் இரண்டு ஈயப் பற்றரிகளில் பாரமானதைத் தெரிவு செய்யுங்கள். பாரம் என்பது பெரும்பாலும் ஈயம்.

ஈ. செய்த திகதியைப் பாருங்கள். நெடுநாள் மின்னேற்றாமல் தட்டில் கிடந்தது, பாவிக்காமலே பழுதடையும்.

உ. பழையதையும் புதியதையும் ஒன்றாக இணைக்காதீர்கள். பழையது புதியதையும் கெடுக்கும்.

5. எந்த வகை?

தண்ணீர் ஊற்றும் ஈயப் பற்றரி விலை குறைந்தது. கவனித்தால் நெடுநாள் உழைக்கும். இதில் குழாய்த் தகடு உள்ளது, ‘ரியூபுலர்’ எனப்படுவது, ஆழ்சுற்று வேலைக்கு ஏற்றது. மூடிய வகைகளான ஏ.ஜி.எம்., ஜெல் ஆகியவற்றுக்குத் தண்ணீர் தேவையில்லை. ஆடினாலும் சிந்தாது என்பதால் தோணிக்கு நல்லது. தண்ணீர் ஊற்றும் பற்றரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் என்ற நச்சு வாயு உண்டாகும் என்பதையும் கடற்கரையோர் மறக்க வேண்டாம்.

லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகை எடை குறைந்தது. கொள்ளளவில் ஏறத்தாழ 80 வீதத்தை எடுக்கலாம். ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கும். விலை அதிகம், அதற்குரிய மின்னேற்றியும் பாதுகாப்புக் கருவியும் வேண்டும். முதலில் கூடுதலாகக் கொடுக்க முடிந்தவருக்கு நெடுங்காலத்தில் மலிவாக அமையலாம். கடன் வாங்கித்தான் எடுக்க வேண்டுமென்றால், ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்த வகையானாலும், மின்னேற்றக் கட்டுப்படுத்தி இல்லாமல் சோலார் தகட்டை இணைக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சி ஏறுவதையும் இறங்குவதையும் தடுக்கும் காவற்காரன் அது.

6. பராமரிப்பும் பாதுகாப்பும்

தகடுகள் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் தகட்டைக் கெடுக்கும். அசிட் ஊற்றக்கூடாது.

நிழலில் வையுங்கள். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தகரக் கூரைக்கு நேர்கீழே வைப்பது வெயிலில் வைப்பதற்குச் சமம்.

சார்ஜ் ஏற்றும் கடைக்குக் கொண்டுசெல்வோர், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அம்பியரில் மெதுவாக ஏற்றும்படி கேளுங்கள். 50 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 5 அம்பியர். இரண்டு மணி நேரத்தில் அவசரமாக ஏற்றியது நிறையாது, சூடேறிக் கெடும்.

மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளியேறும், அது தீப்பற்றும். குப்பி விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று பூட்டுங்கள். கம்பிகள் உரசி முட்டினால் கிடுகு வீட்டைக் காப்பாற்றுவது அந்தச் சிறு துண்டுதான்.

அசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 20 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

7. செத்த பற்றரியை உடைக்காதீர்கள்

ஈயத்துக்கு விலையுண்டு என்பதற்காகப் பழைய பற்றரியை வளவுக்குள் உடைப்பதும் உருக்குவதும் ஆபத்து. செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே தியாரோயி என்ற இடத்தில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை, 18 சிறுபிள்ளைகள் ஈய நஞ்சால் இறந்தார்கள். பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்த மண்ணே அதற்குக் காரணம். அங்கும் வறிய குடும்பங்கள் பிழைப்புக்காகவே அதைச் செய்தன. ஈயம் கலந்த மண் கையிலும் காற்றிலும் ஏறிப் பிள்ளைகளின் மூளையையும் தாக்கும். பழையதை முழுதாகவே கடையில் கொடுத்து, புதியதன் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் இரவில் இயங்கும் பொருட்களின் வாற்-மணியைக் கணக்கிடுங்கள். எத்தனை அம்பியர்-மணிப் பற்றரி வேண்டும்?
2. உங்கள் கிராமத்தில் இப்போது பாவிக்கும் பற்றரிகள் எஞ்சின் வகையா, ஆழ்சுற்று வகையா? அவை எத்தனை மாதம் உழைத்தன?
3. ஒரு மல்ரிமீற்றரைச் சங்கத்துக்குப் பொதுவாக வாங்கி, அளக்கத் தெரிந்த இளைஞர் இருவரிடம் பொறுப்புக் கொடுக்க முடியுமா?
4. பழைய பற்றரிகள் இப்போது எங்கே போகின்றன? அவற்றை ஒன்றுசேர்த்துக் கொடுக்க என்ன ஒழுங்கு செய்யலாம்?