கூடத்தைச் சுற்றிவரக் கற்ற ரோபோ

சக்கரம் ஒரு சாண் உருளும், நிற்கும். மறுபடி ஒரு சாண் உருளும், நிற்கும். வீட்டில் செய்த தானியங்கி ரோபோவை முதன்முதலாகக் கூடத்துத் தரையில் விட்ட இரவு நான் கண்டது இதைத்தான். புரோகிராமில்தான் பிழை என்று நம்பி இரண்டு இரவுகள் வரிவரியாகத் தேடினேன். கோளாறு இருந்ததோ 9 வோல்ட் சதுர பேட்டரியில்.

புகை எச்சரிக்கைக் கருவி போலக் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும் பொருள்களுக்குத்தான் அந்த பேட்டரி பொருந்தும். நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். உடனே மின்னழுத்தம் சரியும். புரோகிராமை ஓட்டும் ஆர்டுயினோ பலகை அணைந்து, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும். தொடங்கியதும் மோட்டாரை ஓட்டும். மறுபடி சரியும்.

ஆகவே ரோபோ செய்ய உட்காருபவர்கள் முதலில் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். 18650 ரக லித்தியம் அயான் செல்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும். மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தையும் தரும். பாதுகாப்புச் சர்க்யூட்டும் அவற்றுக்கே உரிய சார்ஜரும் இல்லாமல் இந்தச் செல்களைத் தொடவே கூடாது. இரு முனைகளும் உரசிக்கொண்டால் தீப்பிடிக்கலாம். பலகைக்குத் தனி பேட்டரி வைப்பது நல்லது. ஆனால் இரண்டு பேட்டரிகளின் கிரவுண்டு வயர்களும் ஒன்றாகச் சேர வேண்டும்; சேராவிட்டால் பலகை அனுப்பும் சிக்னல் மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்குப் புரியாது. பலரும் முதலில் வாங்கும் எல்298என் டிரைவர் தனக்கே ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். அதையும் கழித்துத்தான் பேட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பாகங்களை வந்த வேகத்தில் ஒன்றோடொன்று சால்டர் செய்தது என் அடுத்த தவறு. இப்போது ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரால் தனியாகச் சோதித்த பிறகே சேர்க்கிறேன்.

ரோபோவுக்கு மூளை பெரிதாக இருக்க வேண்டும் என்ற என் எண்ணத்தை மாற்றியது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆமைகளின் கதை. மூளை நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்ட்டர் 1948, 1949 ஆண்டுகளில் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரானிக் வால்வுகள், ஒளியை உணரும் ஒரு செல், ஓடு எதிலாவது இடித்தால் இணையும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். இவற்றை வைத்தே அவை தடைகளைச் சுற்றிப் போயின. பேட்டரி தளர்ந்ததும் விளக்கெரியும் கூண்டுக்குத் திரும்பின.

அதைப் படித்த பிறகு என் புரோகிராமை மூன்றே கட்டளைகளாகச் சுருக்கினேன்: முன்னே போ, எதிரே ஏதாவது இருந்தால் பின்வாங்கு, பிறகு திரும்பு. அன்றுதான் ரோபோ முதன்முறையாகக் கூடத்தை முழுதாகச் சுற்றிவந்தது.

ஆனாலும் திரைச்சீலையில் மட்டும் போய்ச் சிக்கிக்கொண்டே இருந்தது. தூரம் அளக்கும் ஹெச்.சி-எஸ்.ஆர்.04 சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. 58 மைக்ரோசெகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். 1,160 மைக்ரோசெகண்டு என்றால் 20 சென்டிமீட்டர். துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். சாய்வாக நிற்கும் சுவரோ ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும். இரண்டு இடத்திலும் எதிரொலி திரும்பாததால், எதிரே ஒன்றுமில்லை என்று ரோபோ முடிவுகட்டும். ஐந்து முறை அளந்து நடு மதிப்பை எடுத்துக்கொண்டதில் தாறுமாறான அளவுகள் குறைந்தன. திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் தீர்வு தந்தது வால்ட்டரின் பழைய வழிதான்: முன்பக்கத்தில் ஒரு இடிப்பு சுவிட்ச்.

நேராக ஓடவைப்பது இதைவிடக் கடினம். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு மஞ்சள் கியர் மோட்டார்கள்கூட ஒரே வேகத்தில் சுற்றாது. ரோபோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். 65 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 20.4 சென்டிமீட்டர் நகரும். அதோடு 20 துளைகள் உள்ள வட்டத்தட்டைச் சேர்த்துச் சுழலவிட்டால், ஒரு துளைக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இரு பக்கத் துளைகளையும் எண்ணி, முந்தும் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்தால் பாதை நேராகும். கால்மிதி மேல் ஏறிச் சக்கரம் வழுக்கினால் எண்ணிக்கை தவறும். அந்தத் தவறு போகப்போகப் பெருகும்.

இப்படித் தடுமாறுவது என் ரோபோ மட்டுமல்ல. 2004-ல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் அந்நாட்டு ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ஓட்டுநரில்லா வண்டிகளின் போட்டியில் தூரம் சுமார் 240 கிலோமீட்டர். மிக அதிகமாகப் போன வண்டி 12 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. மறு ஆண்டு 212 கிலோமீட்டர் பாதையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி என்ற வண்டி 6 மணி 54 நிமிடத்தில் முடித்தது. கூடத்தில் என் ரோபோ முட்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் இடம், பேட்டரி வோல்ட், சென்சார் காட்டிய எண் ஆகியவற்றை நோட்டில் எழுதும் பழக்கம், இந்தப் போட்டியைப் பற்றிப் படித்த வாரத்தில் தொடங்கியது.

இப்போதைய பிரச்சினை வாசல்படி. ஒலி சென்சார் முன்னால்தான் பார்க்கும், கீழே உள்ள பள்ளத்தைப் பார்க்காது. அதற்காகத் தரையை நோக்கி ஒரு அகச்சிவப்பு சென்சாரைப் பொருத்தியிருக்கிறேன். கறுப்புப் பரப்பு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், வாசலில் பதித்த கறுப்புக் கல்லும் ரோபோவுக்குப் பள்ளமாகவே தெரிகிறது. கல்லின் மேலும் படியின் விளிம்பிலும் சென்சார் காட்டும் எண்களை இந்த வாரம் முழுக்கத் தனித்தனியாகக் குறித்துவருகிறேன்.